என் கை உப்பு

டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லி மூன்று மாதமாகிறது. நாக்கு இப்போது எதையும் சும்மா விடுவதில்லை. கடையில் வாங்கும் ரொட்டிகூடக் கரிக்கிறது. நேற்று விஸ்வநத்தத்தில் தம்பி வீட்டுக் குழம்பு ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

"சரியாத்தானக்கா இருக்கு," என்றான் தம்பி.

அந்தக் கரிப்பு எனக்குத் தெரிந்ததுதான். எட்டு வயதில் நான் போட்ட உப்பு அது.

அம்மா பட்டாசுக் கம்பெனியிலிருந்து வரும்போது நகக்கண்ணெல்லாம் வெள்ளிப்பொடி மின்னும். எம்புட்டுத் தேய்த்துக் கழுவினாலும் போகாது. கரண்டி பிடித்துச் சமைப்பாள், உப்புச் சாடிக்குள் மட்டும் கை விடமாட்டாள்.

"ஏட்டி, நீ அள்ளிப் போடு. என் கையில பட்டாசு மருந்து கிடக்கு."

குறைந்துவிடுமோ என்ற பயத்தில் ஒரு கை கல்லுப்பு போட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் போடுவேன். தம்பி முகத்தைச் சுளித்தால், "அக்கா போட்டது, பேசாமச் சாப்பிடுலே," என்று அதட்டிவிட்டு அம்மா தன் தட்டை வழித்துச் சாப்பிடுவாள். பகலெல்லாம் வேர்த்த உடம்புக்கு அந்த உப்பு பிடித்திருக்கும் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். நேற்று அந்த ஒரு வாய்க்குப் பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

தம்பி உப்பு டப்பாவை எட்டி எடுத்தான்.

"போதும்லே!" அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"நீ பழக்கிவிட்டதுதானக்கா," என்று சிரித்தான்.

நான் கையை விடவில்லை.