எட்டாவது தோள்

அந்த ஆகஸ்டில் நான் இத்தாலிக்குக் கிளம்பியது அந்த வருடத்தின் ஐந்தாவது பயணம். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு நகைக்கடையின் மேல்மாடியில் இருக்கும் சிறிய சுற்றுலா நிறுவனத்தில் வேலை. பத்தொன்பது வருடமாகப் புனிதப் பயணக் குழுக்களை அழைத்துப் போகிறேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. பேருந்தில் மைக்கைப் பிடித்து, "எல்லாரும் பாஸ்போர்ட்ட ஒரு தடவ தொட்டுப் பாத்துக்குங்க" என்று சொல்லும்போது, அந்தக் குரல் வேறு யாருடையதோ போல எனக்கே சலிப்பாக இருக்கும்.

அந்த முறை முதலாளி புதிதாக ஒன்றைச் சேர்த்திருந்தார். ரோமுக்கும் அசிசிக்கும் நடுவில், மலைமேல் இருக்கும் ஒரு கிராமத்தின் கோடைத் திருவிழா. யாரோ ஒரு வாடிக்கையாளர் கைப்பேசியில் காட்டிய வீடியோவைப் பார்த்துவிட்டு வந்த யோசனை அது. "எல்லாரும் போற எடத்துக்கே நாமளும் போனா எப்படி? வித்தியாசமா இருக்கட்டும் லா" என்றார். அந்த வித்தியாசத்தை ஏற்பாடு செய்யும் வேலை என் தலையில் விழுந்தது.

கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து பதினெட்டுப் பேரும் அலுவலகத்துக்கு வந்தார்கள். பெரும்பாலோர் ஒரே கோயில் பங்கைச் சேர்ந்தவர்கள், ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். குவீன்ஸ்டவுனிலிருந்து வந்திருந்த அம்மா ஒருவர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பயணத் திட்டத்தை அச்செடுத்து, நேரங்களுக்குக் கீழே சிவப்பு மையால் கோடு போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"இந்த கிராமத்துல அஞ்சு மணிக்கு ப்ரொசெஷன், அஞ்சரைக்குக் கிளம்புறோம், ஏழு மணிக்கு அவுட்லெட் மால். கரெக்ட்டா?"

"கரெக்ட்மா."

"மருமக நாலு பிராண்டு பேர் சொல்லி விட்ருக்கா. லேட்டாகக் கூடாது."

கடைசி வரிசையில் ஒருவர் தனியாக நின்றுகொண்டிருந்தார். நாற்காலி காலியாக இருந்தும் உட்காரவில்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். கப்பல் பட்டறையில் பளுதூக்கும் குழுவுக்கு மேற்பார்வையாளர், கேலாங்கில் ஒரு அறையில் வாடகைக்கு இருப்பவர் என்று அவருடைய விசா படிவத்திலிருந்து எனக்குத் தெரியும். எல்லோரும் போன பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ரோமுல மெழுகுத்திரி நம்மளே வாங்கிட்டுப் போகணுமாக்கா?"

அங்கேயே கிடைக்கும் என்றேன். மனைவிக்கு மார்பில் கட்டி வந்து அறுவை சிகிச்சை நடந்ததாகவும், நல்லபடியாகத் தேறினால் ரோமுக்கு வந்து செபிப்பதாகப் பொருத்தனை வைத்திருந்ததாகவும் சொன்னார். வேளாங்கண்ணிக்கு வைத்திருக்கலாமே, பக்கத்தில்தானே என்று கேட்டேன். "அங்க அவளே போய்ட்டு வந்துட்டா" என்றார்.

நாங்கள் மலைக்குப் போன அன்று வெயில் சிங்கப்பூர் வெயிலைவிட மோசமாக இருந்தது. பேருந்து ஊருக்குள் நுழைய முடியாமல் கீழேயே நின்றுவிட்டது. செங்குத்தான பாதையில் பதினெட்டுப் பேரையும் நடத்திக் கூட்டிப்போவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. கல்வீடுகள், பாதிக்கு மேல் பூட்டிக் கிடந்தன. ஆனால் சதுக்கத்தில் கூட்டம் இருந்தது. வெளியூர்களில் வேலைக்குப் போனவர்கள் இந்த ஒரு வாரத்துக்குத்தான் வருவார்களாம். நீளமான மேசைகள் போட்டு, கூடாரத்துக்குள் பெண்கள் பெரிய பெரிய பாத்திரங்களில் சமைத்துக்கொண்டிருந்தார்கள். காட்டுப்பன்றிக் கறியைக் குழம்பாக வைத்துப் பட்டையான பாஸ்தாவின் மேல் ஊற்றிக் கொடுத்தார்கள்.

குவீன்ஸ்டவுன் அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, கைப்பையிலிருந்து மிளகாய் சம்பால் பாட்டிலை எடுத்தார். பரிமாறிக்கொண்டிருந்த பெண் அதை வாங்கி மோந்து பார்த்து, விரல் நுனியில் தொட்டு நக்கினாள். அறுபது வயதிருக்கும், இடுப்பில் மாவு படிந்த ஏப்ரன். மூன்று முறை தும்மினாள். பிறகு ஒரு கரண்டியை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டாள். அதோடு எங்கள் மேசைக்கு இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை எல்லாம் தானாக வந்தது.

மணி ஐந்து ஆனது. ஐந்தேகால் ஆனது. பவனி கிளம்பவில்லை.

கோயில் வாசலில் புனிதரின் சுரூபம் தயாராக இருந்தது. எங்கள் ஆட்கள் பார்த்ததுமே சிலுவை போட்டுக்கொண்டார்கள். தொடையில் காயத்தைக் காட்டிக்கொண்டு, காலடியில் ரொட்டியைக் கவ்விய நாயோடு நின்ற, நோய் தீர்க்கும் ஆரோக்கியநாதர். கப்பல் பட்டறைக்காரர் அருகில் போய் நாயின் தலையைத் தொட்டு அந்த விரல்களை முத்தி செய்துவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எங்க ஊர்ப் பங்குலயும் இவருதாங்கக்கா."

சுரூபத்தின் பீடத்துக்கு அடியில் இரண்டு நீளமான மரத்தண்டுகள். ஒரு தண்டுக்கு நான்கு பேர், மொத்தம் எட்டுத் தோள். ஏழு பேர்தான் நின்றார்கள். வாயில் விசிலோடு இருந்த விழாக்குழுத் தலைவர் கையை வீசி எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த இத்தாலிய மொழி ஓட்டுநர்களோடும் ஓட்டல்காரர்களோடும் சண்டை போட்டுக் கற்றது. அதை வைத்துக்கொண்டு விஷயத்தைப் புரிந்துகொண்டேன். தண்டில் ஒவ்வொரு இடமும் ஒரு குடும்பத்துக்குச் சொந்தம். அப்பாவுக்குப் பிறகு மகன் என்று போகும். இடது தண்டின் கடைசி இடத்துக்காரர் ஜனவரியில் இறந்துவிட்டார். அவருடைய இரண்டு மகன்களும் ஆஸ்திரேலியாவில். வருகிறோம் என்று சொல்லிவிட்டு வரவில்லை. ஏழு பேரோடு போய்விடலாம் என்று தலைவர் முடிவு செய்திருந்தார்.

கப்பல் பட்டறைக்காரர் குனிந்து தண்டுகளைப் பார்த்தார். பீடத்தைப் பார்த்தார். கீழே நீரூற்றுக்கு இறங்கும் படிகள் வரைக்கும் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"அக்கா, இதத் தூக்கக் கூடாது. எறக்கத்துல பின்பக்கம் ஆள் இல்லன்னா எடப்பக்கமா சாஞ்சுரும். முன்னாடி போறவங்க மேல விழும். நான் புடிக்கிறேன்னு கேளுங்க."

"உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா இன்ஷூரன்ஸ் குடுக்க மாட்டான். நான்தான் பதில் சொல்லணும்."

"வேணும்னா எழுதிக் குடுத்துர்றேன்."

கடிகாரம் ஐந்து நாற்பது காட்டியது. பின்னால் குவீன்ஸ்டவுன் அம்மாவின் பார்வை என் முதுகில் படுவது தெரிந்தது. முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சரி என்றது பக்தியினால் அல்ல, இரக்கத்தினாலும் அல்ல. மறுத்துப் பேச எனக்குத் தெம்பு இல்லை. அதுதான் உண்மை.

தலைவரிடம் கேட்டேன். அவர் இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இந்த ஊரில் பிறக்காதவர்கள் தோள் கொடுக்கும் வழக்கம் இல்லை என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். நான் நன்றி சொல்லித் திரும்பினேன். அப்போது கூடாரத்திலிருந்து அந்த ஏப்ரன் கட்டிய பெண், கையில் கரண்டியோடு வேகமாக வந்தாள். இறந்தவர் அவளுடைய கணவர் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவள் பேசிய வேகத்தில் பாதிதான் புரிந்தது. "அந்த இடம் என்னுடையது. என் கணவர் நாற்பது வருடம் தூக்கினார். என் பிள்ளைகள் வரவில்லை. அது யாருக்கு என்று நான் சொல்கிறேன், நீ சொல்லாதே."

தலைவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு ஏதோ சொன்னார். அவள் காதில் வாங்கவில்லை. கப்பல் பட்டறைக்காரரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் கடைசி இடத்தில் நிறுத்தினாள். முன்னால் நிற்பவரின் தோளையும் இவர் தோளையும் உள்ளங்கையால் அளந்து பார்த்தாள். இவர் இரண்டு விரல் குட்டை. உள்ளே போய் ஒரு துணியைக் கொண்டுவந்து, நான்காக மடித்து இவர் தோளில் வைத்தாள். உயரம் சரியானது. ஏழு பேரில் ஒருவர் திரும்பி இவருக்குக் கைகொடுத்தார். தலைவர் விசில் அடித்தார்.

பவனி ஒன்றே முக்கால் மணி நேரம் நடந்தது. முன்னால் ஊர் வாத்தியக்குழு, பாதிப் பேர் வயதானவர்கள், மேடு ஏறும்போது வாசிப்பு நின்று நின்று வந்தது. ஆள் இருந்த வீடுகளின் வாசலில் எல்லாம் விரிப்புப் போட்டுப் பூ வைத்திருந்தார்கள். அங்கெல்லாம் சுரூபத்தை இறக்கி வைத்துச் செபம் சொன்னார்கள். பூட்டிய வீடுகள் முன்னாலும் சில இடங்களில் நின்றார்கள். நான் நீரூற்றின் விளிம்பில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலைத் தண்ணீரில் வைத்தேன். குவீன்ஸ்டவுன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மால் போச்சு, இல்ல?"

"போச்சும்மா."

"நீ பாத்துக்கிட்டு சும்மா இருந்தே பாரு, அதான் எனக்கு ஆத்திரம்."

அவர் சொன்னதில் தவறில்லை. அன்றைக்கு மட்டும் இல்லை, கொஞ்ச வருடமாகவே நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு சும்மாதான் இருந்தேன். எத்தனை பேராலயங்கள், எத்தனை மாதா கெபிகள். மற்றவர்கள் முழந்தாளிட்டிருக்கும்போது நான் கழிப்பறை எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொண்டிருப்பேன்.

சுரூபம் படிகளில் இறங்கத் தொடங்கியது. மூன்றாவது படியில், இடது தண்டில் நடுவில் இருந்த ஒருவரின் கால் வழுக்கியது. அவர் விழவில்லை, ஆனால் முழங்கால் மடங்கித் தோள் தண்டிலிருந்து கழன்றது. பீடம் முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வாத்தியம் நின்றது. பின்னால் இருந்த எங்கள் ஆள் ஒரு காலை மேல்படியில் ஊன்றி, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, இரண்டு கையாலும் தண்டைக் கட்டிப்பிடித்து நிறுத்தினார். "அப்படியே நில்லுங்க, நகராதீங்க" என்று தமிழில் சொன்னார். வேலைத்தளத்தில் சொல்வதுபோல, சத்தம் போடாமல். அவர்களுக்கு என்ன புரிந்ததோ, எல்லோரும் அப்படியே நின்றார்கள். வழுக்கியவர் எழுந்து மறுபடி தோள் கொடுத்தார். மூச்சு வாங்கிக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொரு படியாக இறங்கினார்கள். ஒருவரும் கைதட்டவில்லை.

என்னைக் கடந்து போகும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தார். துடைக்கக் கை இல்லை. வலியினாலா, மனைவியை நினைத்தா, எனக்குத் தெரியாது, நான் கேட்டதும் இல்லை. எனக்குள் பெரிதாக எதுவும் நடந்துவிடவில்லை. அதுவரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் வெட்கமாக இருந்தது. கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டேன்.

திரும்பும்போது பேருந்தில் பலத்த வாக்குவாதம். ஒரு பாதி இப்படி ஒன்றைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றது. மறுபாதி திட்டத்தில் போட்டதைச் செய்ய வேண்டாமா என்று கேட்டது. கப்பல் பட்டறைக்காரர் எழுந்து, "என்னாலதான் லேட்டு, மன்னிச்சுக்குங்க" என்றார். குவீன்ஸ்டவுன் அம்மா அவரை ஒன்றும் சொல்லவில்லை. வலி நிவாரணக் களிம்பை எடுத்து, "தோள்ல போடு, இல்லன்னா நாளைக்குக் கையத் தூக்க முடியாது பாரு" என்று கொடுத்தார். ஊருக்கு வந்ததும் என்மேல் முதலாளிக்குப் புகார் எழுதியதும் அவர்தான். இரண்டு பக்கம். எழுதியதெல்லாம் உண்மை.

முதலாளி என்னைக் கூப்பிட்டுப் பேசினார். கத்தவில்லை. "நீங்க இவ்ளோ வருஷம் எக்ஸ்பீரியன்ஸ் உள்ளவங்க" என்று மட்டும் இரண்டு முறை சொன்னார். அடுத்த வருடத் திட்டத்தில் அந்தக் கிராமத்தை எடுத்துவிட்டு லாவெண்டர் தோட்டம் ஒன்றைப் போட்டார். எனக்கும் அது நிம்மதியாகவே இருந்தது.

கப்பல் பட்டறைக்காரரின் தோள் வீங்கிவிட்டது. இரண்டு வாரம் எம்சி, மருத்துவ விடுப்பு. அதன் பிறகும் ஒரு மாதம் அவரைப் பளு வேலைக்கு விடாமல் பாதுகாப்பு அறையில் உட்கார வைத்திருந்தார்கள். போன் செய்து கேட்டபோது, "ஏசி ரூம்ல உக்காந்து சம்பளம்க்கா" என்று சிரித்தார்.

இந்த வருடம் ஜூன் மாதம், அந்த ஏப்ரன் பெண்ணின் அண்ணன் மகளிடமிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. கிளம்பும்போது என் எண்ணை வாங்கி வைத்திருந்தார்கள். இடம் காலியாக இருக்கிறது, அவர் வருவாரா என்று அத்தை கேட்கச் சொன்னாள் என்று எழுதியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தேக்கா உணவு நிலையத்தில் அவரைச் சந்தித்துச் செய்தியைக் காட்டினேன். கைப்பேசியை என்னிடம் திருப்பித் தந்தார்.

"லீவு ஒரு தடவதான்க்கா இருக்கு. அவளுக்கு ஆகஸ்ட்ல ஸ்கேன். ஊருக்குப் போகணும்."

"அப்ப அப்படியே எழுதிடவா?"

"எழுதுங்க. வேற யாருக்காவது குடுத்துரச் சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்லன்னு சொல்லுங்க."

எழுதினேன். ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. மனைவி நலமாக இருக்கட்டும், இங்கே எல்லோரும் செபிக்கிறோம் என்று முதலில். அதற்குக் கீழே, விழாக்குழு ஒரு சக்கர வண்டி செய்யக் கொடுத்துவிட்டது, இனிமேல் சுரூபம் அதில்தான் போகும், நான்கு பேர் தள்ளினால் போதும், அத்தை அன்றிலிருந்து தலைவரோடு பேசுவதில்லை என்று இருந்தது.

மறு ஞாயிறு அதே மேசையில் அவருக்கு வாசித்துக் காட்டினேன். தே தாரே தேநீரைக் கலக்கிக்கொண்டே கேட்டார்.

"வண்டிக்கு பிரேக் இருக்காமா?"

"அதெல்லாம் எழுதல."

"கேளுங்கக்கா. அந்தப் படியில பிரேக் இல்லாம எறக்க முடியாது. படிக்குப் பலகை போடணும். பின்னாடி ரெண்டு பேர் கயிறு கட்டிப் புடிக்கணும்."

கைப்பேசியில் அதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டி, மொழிபெயர்த்து, சரிபார்த்து அனுப்ப எனக்குக் கால்மணி நேரம் ஆனது. அதற்குள் அவருக்குப் பேருந்து நேரமாகிவிட்டது. எழுந்து, "வர்றேங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கத்து மேசையில் குடும்பத்தோடு வந்தவர்கள் நாற்காலி தேடிக்கொண்டிருந்தார்கள். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். வீடு இருக்கும் சுவா சூ காங் போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆகும், துணி மடிக்கக் கிடக்கிறது, செவ்வாய்க்கிழமை அடுத்த குழு கிளம்புகிறது. எழுந்திருக்க மனமில்லாமல் இன்னும் கொஞ்சநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.