கார்டு வேனுக்கு ஒரு கார்டு

பெஹாலாவில் பொம்மை ரயில் பழுதுபார்க்கும் தமிழர் ஒருவர். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, எதையும் விரலால் தடவித்தான் பார்ப்பார். ரயில்வேயில் கார்டாக இருந்து இறந்துபோன என் அண்ணா செய்த முழ நீள பொம்மை கார்டு வேனை, ரயிலின் கடைசிப் பெட்டியை, அவரிடம் கொடுத்தேன். வீடு மாற்றும்போது விழுந்து சக்கரம் கழன்றிருந்தது. உள்ளே அண்ணா தன்னையே பொம்மையாக வைத்திருந்தார். அதன் முகம் உடைந்திருந்தது.

“முகம் புதுசா பண்ணணும் தீதி. அண்ணாவுக்கு மீசை உண்டா?” வங்காளிகள் அக்காவை அழைப்பதுபோல அவரும் என்னை தீதி என்றே அழைப்பார்.

கடைசி வருஷங்களில் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை என்றேன். ஒரே வீட்டில்தான் இருந்தோம். அழுகைகூட வரவில்லை.

“அதனால என்ன? முதுகு காட்டி உட்கார வெச்சுடறேன். ரயில் ஓடறப்போ கார்டு எங்க நம்மளப் பார்க்கறார்?”

வீட்டுக்கு வருபவர்கள் அந்த முதுகைப் பார்த்து, அண்ணாவேதான் என்கிறார்கள். பொம்மையைச் சரிசெய்த அந்த மனிதர் அண்ணாவைப் பார்த்ததே இல்லை.