பந்து முன்னால் போனதா, பின்னால் போனதா

அறுபதுகளின் பின்பாதியில் மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கிறிஸ்தவ ஊரில் நான் வாத்தியாராக இருந்தேன். எங்கள் பங்குச் சாமியார் பிரான்சுக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். மூக்கு ஒரு பக்கமாகக் கோணியிருக்கும். வாலிபத்தில் ரக்பி ஆடி உடைந்தது என்று பெருமையாகத் தொட்டுக் காட்டுவார். ஒருமுறை சொந்த நாட்டுக்குப் போய்த் திரும்பியபோது ஒரு தோல் பந்தையும் சட்டப் புத்தகம் ஒன்றையும் கொண்டுவந்தார். பந்து உருண்டையாக இல்லை, இரண்டு முனையும் கூம்பியிருந்தது. புத்தகம் பிரெஞ்சில் இருந்தது. எங்களுக்கு வந்த தொல்லைகளில் பாதி பந்தால், மீதி புத்தகத்தால்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கேழ்வரகு அறுத்த கொல்லையில் ஆட்டம். எங்கள் ஊர் இளவட்டங்கள் ஒரு பக்கம், மாரண்டஹள்ளி காய்கறி மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் மறுபக்கம். பதினைந்து பேர் ஆட வேண்டிய ஆட்டத்துக்கு ஒன்பது ஒன்பது பேர்தான் சேர்ந்தார்கள்.

சாமியார் சட்டத்தைச் சொன்னார். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடலாம். எதிராளி கட்டிப் பிடித்துச் சாய்க்கலாம். கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்த் தரையில் வைத்தால் மூன்று புள்ளி. ஆனால் கூட்டாளிக்கு எறிவதென்றால் பின்பக்கமாகத்தான் எறிய வேண்டும். கையில் பட்டு நழுவி முன்னால் விழுந்தாலும் தப்பு.

"முன்னால போவணும்னா பின்னால எறியணுமா?" என்றார் மண்டி மேஸ்திரி. ஆள் கிணற்றுத் தூண் மாதிரி இருப்பார். "சாமி, ஒரு தடவைக்கு ரெண்டு தடவ படிச்சுப் பாருங்க. உங்க ஊர்ல அச்சுல தப்பா போட்டிருக்கப் போறான்."

விசில் என் கைக்கு வந்ததற்குக் காரணம் என் மூக்குக் கண்ணாடி. "ஆசிரியர் கண்ணாடி அணிந்திருக்கிறார். ஆகையால் அவருக்கு நன்றாகத் தெரியும்" என்று சாமியார் தீர்ப்புச் சொன்னார். அவர் தமிழைப் புத்தகத்தில் படித்தவர், பேச்சும் அப்படியேதான் வரும்.

முதல் வாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. இரண்டாம் வாரம் எங்கள் பக்கத்து ஆள் ஒருவன் கையிலிருந்து பந்து நழுவி முன்னால் விழுந்தது. ஊதினேன். சாமியார் அங்கியை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிவந்தார்.

"ஆசிரியரே, அவன் மனமறிந்து செய்யவில்லையே! மனமறிந்து செய்தால் மட்டுமே குற்றம் என்று நூல் கூறுகிறது."

"போன வாரம் அப்படிச் சொல்லலீங்களே, சாமி?"

"போன வாரம் அந்தப் பக்கத்தை நான் புரட்டவில்லை."

மூன்றாம் வாரம் அதே காரியத்தை மண்டிக்காரர் ஒருவர் செய்தபோது, நூல் மறுபடியும் முதல் வாரக் கருத்துக்கே திரும்பிவிட்டது. மேஸ்திரி என்னிடம் வந்து, "சார், போன வாரம் அவங்களுக்கு வுட்டீங்க. எங்களுக்கு மட்டும் ஊதறீங்க. ஏங்க சார்?" என்று மெதுவாகக் கேட்டார். சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். மெதுவாகக் கேட்டதால் தூக்கம் கெட்டது. அன்று முதல் சாமியார் சொல்லும் சட்டத்தையெல்லாம் ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன். ஒரு மாதத்தில் நோட்டில் ஒன்றுக்கொன்று சண்டை போடாத சட்டம் இரண்டுதான் மிஞ்சியது.

அந்த நிலைமையில்தான் அந்த ஆட்டம் வந்தது. இரண்டு பக்கமும் மூன்று மூன்று புள்ளி. மேஸ்திரி ஓடிவருகிறார், பந்து அவர் மேல் பட்டு முன்னால் எகிறி விழுகிறது, அவரே பாய்ந்து எடுத்துக் கோட்டுக்கு அப்பால் வைக்கிறார். கையில் பட்டதாக எனக்குத் தோன்றியது, ஊதிவிட்டேன். மண்டிக்காரர்கள் கொதித்தார்கள். "மார்ல பட்டுச்சுங்க சார்! மார்ல பட்டா தப்பில்லன்னு சாமியே சொன்னாரு!" அதுவும் என் நோட்டில் இருந்தது. மேஸ்திரி மட்டும் ஒன்றும் பேசாமல் பந்தைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார். அந்த மௌனம் என்னைக் குத்தியது. அநியாயம் செய்துவிட்டோம் என்றே முடிவு கட்டிக்கொண்டேன்.

ஆட்டம் முடியப் போகும் நேரம். எங்கள் பக்கத்தில் ஒரு பஸ் கண்டக்டர் இருந்தார். நெரிசலில் நுழைந்து நுழைந்து பழகியவர், அவரைப் பிடிக்க முடியாது. கூட்டாளி பின்பக்கமாக எறிந்த பந்தை வாங்கிக்கொண்டு நாலு பேருக்கு நடுவே புகுந்து போய்க் கோட்டுக்கு அப்பால் வைத்துவிட்டார். பந்து சுத்தமாகப் பின்னால்தான் வந்தது. நான் பக்கத்திலேயே இருந்து பார்த்தேன். ஆனாலும் விசில் தானாக வாய்க்குப் போனது.

"முன்னால எறிஞ்சாச்சு. செல்லாது."

"ஆசிரியரே! பின்னால்! பின்னால்!" என்று சாமியார் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். ஆட்டம் சமனில் முடிந்தது.

அந்த வாரம் முழுக்க கண்டக்டர் என்னை விடவில்லை. பாலக்கோட்டுக்குப் போக பஸ் ஏறினேன். "எல்லாரும் முன்னால போங்க, முன்னால போங்க" என்று கத்திக்கொண்டு வந்தவர் என்னைப் பார்த்ததும் நிறுத்தினார். "சார், நீங்க அங்கியே நில்லுங்க. உங்களுக்குத்தான் முன்னால எது, பின்னால எதுன்னு தெரியாதே." பஸ்ஸே சிரித்தது. கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், "பாவம், கண்ணு தெரியாதுங்களா?" என்று எழுந்து எனக்கு இடம் கொடுத்தார்.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். மரத் தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியார். வழக்கமான பாவங்களைச் சொல்லிவிட்டு, "இன்னொண்ணுங்க சாமி. ஒரு தப்பான தீர்ப்பைச் சரிக்கட்ட இன்னொரு தப்பான தீர்ப்பைத் தெரிஞ்சே சொல்லிட்டேன்" என்றேன்.

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு தட்டியின் ஓட்டையில் கோணல் மூக்கு வந்து ஒட்டியது.

"பந்து பின்னால் வந்ததா?"

"பின்னாலதாங்க சாமி."

நெடிய பெருமூச்சு. "கடவுள் உம்மை மன்னிக்கிறார். நான் சற்றுத் தாமதமாக மன்னிப்பேன். பத்துப் பரலோக மந்திரம் சொல்லும்."

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார் உயிர் போனாலும் வெளியே சொல்லக் கூடாது. மறுநாள் பூசை முடிந்து வெளியே வந்தவரைக் கண்டக்டர் மறித்தார்.

"சாமி, நீங்களே சொல்லுங்க. அந்தப் பந்து பின்னாலதான போச்சு? நீங்களே தொப்பிய அடிச்சுக் கத்துனீங்களே!"

சாமியார் முகம் சிவந்தது. வானத்தைப் பார்த்தார். "நடுவர் சொன்னதே சட்டம்" என்றார்.

"என்னங்க சாமி, ஒரே வாரத்துல இப்படி மாறிட்டீங்க!"

சாமியாருக்குத் தாழ்ச்சி வந்துவிட்டது என்று ஊரே மெச்சியது. அவர் மட்டும் என்னைப் பார்த்த பார்வையில் தாழ்ச்சி எதுவும் இல்லை.

இரண்டு நாள் கழித்துக் கத்தரிக்காய் வாங்க மண்டிக்குப் போனேன். மேஸ்திரி மூட்டையை இறக்கிவிட்டு வந்தார்.

"சார், அன்னிக்கு எனக்கு ஊதுனீங்களே, அது சரிதாங்க. கையிலதான் பட்டுச்சு."

பையைக் கீழே வைத்தேன். "மார்ல பட்டுதுன்னு கத்துனீங்களே!"

"எங்காளுங்க கத்துனாங்க. நான் கத்துனனுங்களா?"

ஆக, நான் சரியாகச் சொன்ன ஒரே தீர்ப்பைத் தப்பென்று நினைத்து, அதைச் சரிக்கட்டத் தப்பு செய்திருக்கிறேன். கத்தரிக்காய் வாங்காமலே திரும்பினேன்.

அடுத்த ஞாயிறு கொல்லையில் இரண்டு பக்கத்தாரையும் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடி விழும் என்றே எதிர்பார்த்தேன். கண்டக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சாமியார் பக்கம் திரும்பி, "சாமி, உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?" என்றார். சாமியார் பந்தின் கயிற்றை மும்முரமாக இறுக்கிக் கட்டத் தொடங்கினார்.

ஆட்டத்தை மறுபடி ஆடுவது என்று முடிவானது. விசிலை நான் மேஸ்திரியிடம் கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. அதுவே நல்லது என்றார்கள் எல்லாரும். அவர் சாமியாரிடம், "சட்டத்த ஒரே ஒரு தடவ சொல்லுங்க சாமி. அப்புறம் பொஸ்தகத்தத் தொறக்கக் கூடாதுங்க" என்றார். சாமியார் சொன்னார். மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

நான் வரப்பில் உட்கார்ந்தேன். ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிஷத்தில் மேஸ்திரி தன் கூட்டாளிகளுக்கு எதிராகவே மூன்று தடவை ஊதினார். நாலாவது தடவை ஊதியபோது சாமியார் வழக்கம்போல அங்கியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். மேஸ்திரி கையை நீட்டித் தடுத்தார்.

"சாமி, கோட்டுக்கு வெளியில போங்க."

சாமியார் போனார். வந்து என் பக்கத்தில் வரப்பில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில், அது எப்படித் தப்பாகும் என்று நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நடுவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தோம்.