மின்னாத முள்

கைப்பேசி வந்த பிறகு மணி பார்க்க யாருக்கும் வாட்ச் தேவையில்லை. தெங்கேராவில் என் கடைக்கு வருபவர்களில் பாதிப் பேர், வாட்ச் முள் இருட்டில் ஏன் மின்னவில்லை என்று சண்டை போடத்தான் வருகிறார்கள். வாட்ச் கடைச் சொந்தங்களே, உங்களுக்கும் இதே தலையெழுத்துதானே? என் ஆயுதம் ஒன்றுதான், பக்கவாட்டில் ஓட்டை போட்ட ஒரு பிஸ்கட் டின். வாட்சை உள்ளே போட்டு மூடி, ஓட்டையில் கண்ணை வைக்கச் சொல்வேன்.

சீர் வாட்ச்

மெர்லிமாவ் ஊர் முனியாண்டி அண்ணன், மாப்பிள்ளைக்கு வாங்கிய புது வாட்சோடு வந்தார். மின்னவே இல்லையாம், கடைக்காரன் ஏமாற்றிவிட்டானாம். விசாரித்தால், கல்யாணத்துக்கென்று இரண்டு மாதமாக அதைப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார். இந்தக் காலத்து முள்ளில் இருக்கும் பூச்சு வெளிச்சத்தைக் குடித்தால்தான் மின்னும். சில மணி நேரத்தில் மங்கும், மறுபடி காட்டினால் மறுபடி மின்னும். பல வருஷம் உழைக்கும். டார்ச் அடித்து டின்னுக்குள் போட்டேன். ஓட்டையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: "அப்ப மாப்ளைக்கு டார்ச்சையும் சேத்து சீர் வைக்கணுமா லா, தங்கச்சி?"

வெயில் வைத்தியம்

கல்யாணமாகிச் சில மாதத்தில் மாப்பிள்ளை சுரேஷ் வந்தார். புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையில் வேலை. ஆன்லைனில் வாங்கிய பழைய வாட்ச். எண்களுக்குப் பக்கத்தில் குட்டிக் குட்டிக் கண்ணாடிக் குழாய்கள். உள்ளே டிரிட்டியம் என்ற வாயு. அதனால் குழாய் தானாகவே மின்னும், வெளிச்சம் வேண்டாம். ஆனால் பன்னிரண்டு வருஷத்தில் பாதி போய்விடும். மாமனார் யோசனைப்படி, ஒரு வாரம் மோட்டார் சைக்கிள் ஹேண்டிலில் கட்டி வெயில் காட்டியிருக்கிறார். ரப்பர் வார் வெடித்ததுதான் மிச்சம். வயதான குழாய்க்கு வைத்தியம் இல்லை என்றேன். "பரவால்ல லா, ஆன்ட்டி. மாமாகிட்ட மட்டும் நல்லாயிருச்சுன்னு சொல்லிருங்க."

பொட்டலம்

அடுத்த வருஷம் அண்ணன் தன் அப்பாவின் வாட்சைக் கொண்டுவந்தார். மகள் கவிதாவின் வளைகாப்புக்குக் கட்டிக்கொள்ள வேண்டுமாம். கண்ணாடியைக் காணோம், எண்களில் சுரண்டிய தடம். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அந்தக் காலத்து ரேடியம் பூச்சு. இதில் மின்னுகிற சரக்கு சில வருஷத்தில் கருகிவிடும். ரேடியம் மட்டும் ஆயிரம் வருஷம் தாண்டியும் கதிர் வீசும். மூடிக் கிடந்தால் பெரிய பயமில்லை. தூளாகி வயிற்றுக்குள் போனால் எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். பழுப்பேறியதை அழுக்கு என்று நினைத்து அண்ணன் கத்தியால் சுரண்டியிருக்கிறார்.

தூள் எங்கே என்றேன். வீணாக்க மனமில்லாமல், திரும்பப் பூசலாம் என்று, திருநீற்றுக் காகிதத்தில் மடித்துச் சாமி மேடையில் வைத்திருக்கிறாராம். வாட்சை டின்னுக்குள் போட்டு மூடினேன். கவிதா அன்று காலைதான் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள், ஏழு மாதம். சாமி கும்பிட்டால் திருநீற்றை நெற்றியில் பூசி, வாயிலும் ஒரு சிட்டிகை போட்டுக்கொள்கிற பெண். உடனே அவளைக் கூப்பிடுங்கள் என்றேன். அண்ணன் போன் போட்டுக் கொடுத்தார். பொட்டலத்தைத் தொட்டாயா என்று கத்தினேன்.

"அப்பா மடிச்ச பொட்டலத்த நான் பிரிக்கவே மாட்டேன் ஆன்ட்டி, போன தடவ அதுல எறும்பு மருந்து இருந்துச்சு."

பொட்டலத்தையும் வாட்சையும் எடுக்க நான் வரவழைத்த அரசாங்க ஆட்கள், தூள் ஒட்டியிருக்கும் என்று என் பிஸ்கட் டின்னையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டதால், இப்போதெல்லாம் மின்னவில்லை என்று சண்டைக்கு வருபவர்களை மேசைக்கு அடியில் குனிந்து பார்க்கச் சொல்கிறேன்.