பனியன் போட்ட குஞ்சு

எங்கள் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவர் அவர். ஒல்லியான ஆள், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் ஒரு லென்ஸ். அதைத் துணிமேல் வைத்துக் குனிந்தாரென்றால், நான் தைத்ததில் ஒரு பீஸாவது திரும்பி வரும். அதட்டவே மாட்டார். "பிரிச்சுத் தச்சிருங்க" என்பார், அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். அவர் அழகுக்கோழி வளர்ப்பது அன்றுதான் தெரிந்தது. எல்லாம் இறகு வெளிப்பக்கமாகச் சுருண்டு, செவ்வந்திப் பூப்போல நின்ற கோழிகள். அந்த இறகுகளையும் லென்ஸ் வைத்துத்தான் பார்ப்பாராம். இன்னும் நன்றாகச் சுருளட்டுமென்று, சுருள் சேவலையே சுருள் கோழியோடு சேர்த்துவிட்டிருக்கிறார். அப்படிச் சேர்த்தால் இறகு நிற்காதாம். பிறந்த குஞ்சு, முளைத்ததெல்லாம் ஒடிந்து உதிர்ந்து, வெறும் தோலோடு அவர் மடியில் நடுங்கிக்கொண்டிருந்தது.

"இது ரிஜெக்ட்தானுங்களே?" என்றேன், பழி தீர்த்த சந்தோஷத்தோடு.

"இல்லீங்க, சோடி சேத்துனது நானுங்க. குஞ்சு என்னங்க பண்ணும்? இதுக்கொரு பனியன் தச்சுக் குடுங்க" என்று கட்டிங் வேஸ்ட்டிலிருந்து ஒரு துண்டை நீட்டினார்.

அவர் வீட்டு மெஷினிலேயே தைத்தேன். கழுத்துக்கு ஒன்று, இறக்கைக்கு இரண்டு ஓட்டை. போட்டுவிட்டதும் நடுக்கம் நின்று, குஞ்சு தீனி கொத்த ஓடியது. நான் பெருமையாக நிமிர்ந்தேன். அவரோ அதைத் துரத்திப் பிடித்து, பனியன் விளிம்பில் லென்ஸை வைத்துக் குனிந்தார்.

"ஒரு தையல் விட்டிருக்குதுங்க. பிரிச்சுத் தச்சிருங்க."