கோச் சேகரன் தடை செய்த சொல்

சென்ற புதன்கிழமை காலை கோச் சேகரனின் எண்ணிலிருந்து வாட்ஸ்அப் செய்தி வந்தது. மூக்குக்கண்ணாடி இல்லாமல் முதல் வரியை மட்டும் படித்தேன்: சனிக்கிழமை பயிற்சி இல்லை. "ஓகே கோச், நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று பதில் போட்டேன். கண்ணாடியைத் தேடி மாட்டிய பிறகுதான் அடுத்த வரி தெரிந்தது. கோச் மாரடைப்பில் போய்விட்டார். எழுதியது அவர் மனைவி.

ஃபேரர் பார்க் பக்கத்துச் சமூக மன்றத்துக்குப் பயிற்சிக்காகப் பிள்ளைகளைக் கூட்டிவந்த உங்களுக்கு, இந்த அஞ்சலிக் கூட்டத்தில் அவரைப் பற்றி பஸ் ஓட்டுகிற நான் சொல்ல என்ன இருக்கிறது? உயர்நிலைப் பள்ளியையே தட்டுத்தடுமாறி முடித்தவன். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பூப்பந்தில், அதாவது பேட்மிண்டனில், அவர் கடைசிவரை இரட்டையர் ஆட்டக்காரர், அதுவும் ஹமீது ஒருவரோடு மட்டும். ஹமீதுக்கு முழங்கால் போனதும் வேறு ஜோடி தேடச் சொன்னார்கள். "இவன் எங்க நிப்பான்னு திரும்பிப் பாக்காமலே எனக்குத் தெரியும். இன்னொருத்தன்கிட்ட முதல்லேருந்தா?" என்று சொல்லிவிட்டுப் பயிற்சி கொடுக்க வந்துவிட்டார்.

பிள்ளைகளுக்கு அவர் போட்ட ஒரே தடை, ஜோடியிடம் 'சாரி' சொல்லக்கூடாது. "நீ சாரி சொன்னா அவ உன்னைத் தேத்தணும். அடுத்த பந்தை யார் பாக்குறது? தப்புப் பண்ணிட்டியா, காலியா இருக்கிற இடத்துல போய் நில்லு லா. போதும்."

என் மகள் யாழினியைத் தனி ஆட்டத்திலிருந்து இரட்டையருக்கு மாற்றிய அன்று நான் ஆடிய ஆட்டத்தை நீங்கள் பார்த்தீர்கள். "தனியா ஜெயிக்க முடியாதவங்கதான், கோச், ஜோடி தேடுவாங்க!" என்று மண்டபத்தில் எல்லார் முன்னாலும் கத்தினேன். அவர் சிரித்தார்.

"கரெக்டுதாண்ணே. என் வண்டி அப்படித்தான் ஓடுச்சு."

பிறகு குனிந்து பந்து பொறுக்கினார். பொறுக்கிய பந்துகளை அட்டைக் குழாயில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். அடுத்த வாரம் வழக்கம்போல் எனக்குக் கோப்பி வாங்கி வைத்திருந்தார்.

முன்பெல்லாம் தோற்றால் யாழினி ரயிலில் வாய் திறக்க மாட்டாள். இப்போது தோற்றுவிட்டும் அவளும் ஜோடி மெய் லிங்கும் சிரித்துக்கொண்டே வருகிறார்கள்.

புக்கிட் பாஞ்சாங்கில், அவர் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். என் வாட்ஸ்அப் பதிலுக்காக அவர் மனைவியிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"அவரை ரெஸ்ட் எடுங்கன்னு நீங்க ஒருத்தர்தாண்ணே சொன்னீங்க," என்றார்.

தப்புச் செய்தால் எங்கே நிற்க வேண்டும் என்று பார்க்கப் பழகியிருக்கிறேன். கோச்சிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். சவப்பெட்டியைத் தூக்கும்போது, முழங்கால் முடியாத ஹமீது விலகிக்கொண்ட மூலை காலியாக இருந்தது. அங்கே போய் நின்று தோள் கொடுத்தேன். அன்று மண்டபத்தில் கத்தியதற்கான சொல் தொண்டைவரை வந்தது.

'சாரி கோச்.' அதை மட்டும் சொல்லவில்லை.