கேப்டனின் அம்மா

கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அம்மாவின் வேலை. அவளுக்கு ஒரே பெண்; வீட்டில் கூப்பிடுவது குட்டி என்று. குட்டி கல்லூரி விடுதிக்குப் போனபோது, படிப்பு முடிந்தால் வந்துவிடுவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அம்மா காத்திருந்தாள். படிப்பும் முடிந்தது. வேலை வேறு ஊரில், ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் கிடைத்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது, லீவு கிடைத்தால் குட்டி வீட்டுக்கு வராமல் கல்லூரிக்கு ஓடியதுதான். வாலிபால் ஆட்டம், பழைய மாணவிகள் கூட்டம், ஜூனியர்களுக்குப் பயிற்சி என்று ஏதாவது ஒன்று இருக்கும். அத்தி பூத்தாற்போல வீட்டுக்கு வந்தாலும் போனும் சிரிப்புமாகவே இருப்பாள். யாருடி அது என்றால், "உனக்குத் தெரியாதும்மா" என்பாள்.

அம்மாவுக்கு வயிறு பற்றி எரியும்.

"காலேஜ் என்ன உனக்குச் சக்களத்தியா?" என்றார் அப்பா. அவர் கேலிக்குத்தான் கேட்டார். அவளுக்கு அது சரியாகவே பட்டது.

ஒரு மழைநாளில் குட்டியின் போன் தண்ணீரில் விழுந்தது. உள்ளே இருந்த நம்பர்களும் அதோடு போயின. ஆபீஸில் புது நம்பர் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் கல்லூரியிலிருந்து அம்மாவுக்கு அழைப்பு வந்தது. சேரும்போது எழுதிக்கொடுத்த வீட்டு நம்பர் அங்கே இருந்தது. பேசியவள் பழைய மாணவர் சங்கத்தில் வேலை பார்க்கும் சின்னப் பெண். படித்து முடித்துப் போனவர்கள் அப்படியே விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் தன் வேலை என்றாள்.

"கேப்டனோட புது நம்பர் வேணும் ஆன்ட்டி."

கேப்டனா? அப்படி ஒரு பெயர் இருப்பதே அம்மாவுக்குத் தெரியாது. தான் பெற்ற பிள்ளைக்கு யார் யாரோ பெயர் வைத்திருக்கிறார்கள். கேட்டுச் சொல்வதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டாள். சொல்லவில்லை. அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டபோதும் அதே பதில்தான்.

குட்டி இப்போது லீவுக்கெல்லாம் வீட்டுக்கு வந்தாள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. மெத்தைக்குப் புது உறை போட்டாள், கடைக்கு லீவு சொன்னாள். வந்தவளோ சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கேட்டதற்கு மட்டும் பதில். ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது தானாகவே வாய் திறந்தாள்.

"எல்லாரும் மறந்துட்டாங்கம்மா. என் நம்பர் இல்லேன்னா என்ன, வீட்டு நம்பர் அவங்ககிட்ட இருக்கு. வேணும்னா கூப்பிட்டிருக்க மாட்டாங்களா? கூப்பிடாம நானா எப்படிப் போய் நிக்கறது?"

அம்மா மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். சொல்லிவிட வாயெடுத்தாள், முடியவில்லை. மகளின் முகம் வாடிக் கிடந்த அந்த நேரத்திலும் மனசின் ஒரு மூலையில் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை நினைத்து அவளுக்கே பயமாக இருந்தது.

மறுநாள் கடையிலிருந்து அவளே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு நம்பரைக் கொடுத்தாள்.

கல்லூரியில் நடக்கும் விளையாட்டுப் போட்டிக்குக் குட்டிக்கு அழைப்பு வந்தது. குட்டி அம்மாவையும் இழுத்துக்கொண்டு போனாள். மைதானத்தில் அவள் தொண்டை கிழியக் கத்தினாள், விழுந்தாள், முழங்காலெல்லாம் மண்ணோடு எழுந்து சிரித்தாள். இந்தச் சிரிப்பை வீட்டில் பார்த்து எவ்வளவு காலமாயிற்று! ஆட்டம் முடிந்து எல்லோரும் அவளைக் கட்டிக்கொண்டபோது அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சங்கத்துப் பெண் ஓடி வந்தாள். "எத்தனை தடவ உங்களத் தொல்லை பண்ணேன் ஆன்ட்டி. கடைசில நீங்களே கூப்பிட்டுட்டீங்க" என்று வெகுளியாகச் சொன்னாள். பக்கத்தில் நின்ற குட்டி அம்மாவைப் பார்த்தாள்.

பஸ்ஸில்தான் கேட்டாள்.

"முன்னாடியே கூப்பிட்டாங்களா?"

"கூப்பிட்டாங்க."

"ஏம்மா சொல்லல?"

"உன்னக் கேப்டன்னு சொன்னாங்க. எனக்குத் தாங்கல."

குட்டி சண்டை போடவில்லை. இறங்கும்வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள்.

கொஞ்ச காலம் அவளிடமிருந்து போனே இல்லை. பிறகு மெல்ல வர ஆரம்பித்தது. இப்போது லீவில் பாதி வீட்டுக்கு, பாதி கல்லூரிக்கு. அவள் கல்லூரிக்குப் போகிற வாரங்களில் அம்மா கடையில் யாருக்கும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. போன வாரம் குட்டி மைதானத்திலிருந்தே கூப்பிட்டு, டீமில் இருந்தவர்களை ஒவ்வொருத்தியாக அம்மாவிடம் பேசவைத்தாள். அம்மாவும் நல்லபடியாகத்தான் பேசினாள். ஒருத்தி பெயரும் மனசில் நிற்காமல் பார்த்துக்கொண்டாள்.